மடியில் கனம்!

('கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு ஏற்ற மடிக்கணினி கைக்கு அடக்கமான சிறியதா? கண்ணுக்கு நிறைவான பெரியதா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், 'சிறியதே' என்ற அணியில் பேசிய கணித ஆசிரியை ஒருவரின் உரை)

  'பெரியதே' என்று பேச வந்து, பெரிய மனது பண்ணி எனக்கும் கொஞ்சம் நேரம் மிச்சம் வைத்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)  

ஐயா, எனக்கு முன்னாடி பேசிய பேராசிரியர் என்ன சொன்னார்? "பந்தியில உட்கார்ந்தா பெரிய இலையாப் போட்டாத்தான் மரியாதை. சின்ன இலையில சாப்பிட்டா மனசு நிறையுமா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீங்க. நானுந்தான் தட்டினேன். ஆனா ஒண்ணு கேக்கறேன் ஐயா. பந்தி முடிஞ்சதும் அந்த இலையை யாராவது தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் ஏறுறாங்களா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்) பிள்ளை ஏறுறாளே!

இந்தப் பொருளுக்குப் பேரு வச்சவங்க எவ்வளவு யோசிச்சு வச்சிருக்காங்க பாருங்க. மேசைக்கணினின்னு ஒண்ணு, மடிக்கணினின்னு ஒண்ணு. மடியில வச்சுக்கறது மடிக்கணினி. எதிரணியார் வாங்கச் சொல்ற கணினியை மடியில வச்சா என்ன ஆகும்? பத்து நிமிஷத்துல தொடை சுடும். கால் மணி நேரத்துல கால் மரத்துப் போகும். 'மடியில் கனமிருந்தால் வழியில் பயம்'னு நம்ம பெரியவங்க சொன்னது, என் பையனோட லேப்டாப்பைப் பாத்துட்டுச் சொன்ன மாதிரியே இருக்கு! (சிரிப்பு)

நான் புத்தகத்தில் படிச்சதைப் பேச வரலை. எங்க வீட்டுல ரெண்டுமே இருக்கு. பெரியதும் இருக்கு, சின்னதும் இருக்கு. பெரியதை வாங்கி அனுபவிச்சவ நான். அந்த அனுபவத்துக்கு நான் கொடுத்த விலை அறுபத்தெட்டாயிரம் ரூபாயும் ஒரு ஜோடி வளையலும்.

நடுவர்: வளையலையும் கடைக்காரர் வாங்கிக்கிட்டாரா அம்மா?

கடைக்காரர் வாங்கலை ஐயா, அடகுக்கடைக்காரர் வாங்கிக்கிட்டார். (சிரிப்பு) 2021ஆம் வருஷம். என் பையனுக்கு சிவில் இன்ஜினியரிங்ல இடம் கிடைச்சது. கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி கேட்டான்: "பையன் என்ன படிக்கிறாரு?" "சிவில்." அவ்வளவுதான். "சிவிலா! அப்போ கிராபிக்ஸ் கார்டு இல்லாம படிக்கவே முடியாதும்மா!" என்றான். எங்க வீட்டுக்காரர் பயந்துட்டார். அவருக்கு கிராபிக்ஸ் கார்டுன்னா என்னன்னே தெரியாது. ரேஷன் கார்டு மாதிரி கல்லூரியில காட்டணும்போலன்னு நெனைச்சுட்டார். (பலத்த சிரிப்பு)

15.6 அங்குலத் திரை, தனியா ஒரு கிராபிக்ஸ் கார்டு, திரையில நொடிக்கு 144 தடவை படம் மாறுமாம். நான் கேட்டேன், "ஏம்ப்பா, பாலம் எப்படிக் கட்டறதுன்னு படிக்கிற பிள்ளை, நொடிக்கு 144 தடவை எதைப் பாக்கப் போறான்? பாலம் ஓடியா போகும்?" அந்தத் தம்பி என்னைப் பாத்துச் சிரிச்சான். என் பையனும் அவனோட சேர்ந்து சிரிச்சான். அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். எதுக்கு 144ன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியலை. ராத்திரி பதினொரு மணிக்கு, கதவைச் சாத்திக்கிட்டு, துப்பாக்கியால டுப்பு டுப்புன்னு சுடுறதுக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

வாங்கிட்டு வந்த மறுநாள், எங்க தெரு மளிகைக்கடைத் தராசுல அதை வச்சுப் பாத்தேன். சார்ஜரோட சேர்த்து ரெண்டு கிலோ எண்ணூறு. அந்த சார்ஜரைப் பாத்திருக்கீங்களா? செங்கல் மாதிரி இருக்கும். சிவில் படிக்கிறவன்கிட்ட செங்கல் இருக்கறது பொருத்தந்தான்னு நெனைச்சுக்கிட்டேன். (சிரிப்பு) நாங்க இருக்கறது திருமங்கலம். அங்கேருந்து மதுரைக்கு பஸ்ல நின்னுக்கிட்டே போறான். முதுகுல இது, கையில சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில மேல கம்பி. எத்தனை நாள் தூக்கினான்? பத்தே நாள். பதினோராம் நாள் மேசை மேல வச்சான். அப்புறம் அது அந்த மேசையை விட்டு இறங்கவே இல்லை. கல்லூரியில எல்லாத்தையும் செல்போன்லயே பாத்துக்கிட்டான். வரைபடம் போட வேண்டியதைக் கல்லூரி கணினி அறையில உட்கார்ந்து போட்டான்.

உண்மையை ஒளிக்காம சொல்லணும் ஐயா. அந்தக் கிராபிக்ஸ் கார்டு அவன் படிப்புக்கு உதவவே இல்லைன்னு நான் சொன்னா அது பொய். கடைசி வருஷத்துல ஒரு கட்டடத்தை முப்பரிமாணத்துல செஞ்சான். சுத்திச் சுத்திக் காட்டினான். மாடிப்படி ஏறி உள்ளே போற மாதிரியே இருந்தது. எனக்கே பெருமையா இருந்தது. அதுக்கு அந்தப் பெரிய லேப்டாப்தான் ஈடு கொடுத்தது. எத்தனை நாள் வேலை? மூணு வாரம். நாலு வருஷத்துல மூணு வாரம் ஐயா! வருஷத்துக்கு ஒரு தடவை அழகர்கோவிலுக்குப் போறோம்னு யாராவது வாசல்ல பஸ்ஸை வாங்கி நிறுத்துவாங்களா? (கைதட்டல்)

எதிரணியில் பேசிய தம்பி கோபமாக் கேட்டார்: "அனிமேஷன் படிக்கிறவன் என்ன செய்வான்? வீடியோ எடிட்டிங் பண்றவன் என்ன செய்வான்?" நியாயமான கேள்வி. அவங்க பெரியதைத்தான் வாங்கணும். தச்சருக்கு உளி எப்படியோ அப்படி அவங்களுக்கு அது தொழில் கருவி. நான் மறுக்கலையே! ஆனா வீட்டுக்கு ஒரு தச்சரா இருக்கோம்? பி.காம். படிக்கிற பிள்ளை, நர்சிங் படிக்கிற பிள்ளை, ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளை, இவங்களுக்கெல்லாம் எதுக்கு அந்த உளி?

இந்தக் கிராபிக்ஸ் விஷயத்தை நம்ம வீட்டு பாஷையில சொல்லிடறேன். ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு தனிக்குடித்தனம், இன்னொண்ணு கூட்டுக்குடும்பம். (சிரிப்பு) தனி கிராபிக்ஸ் கார்டுங்கறது தனிக்குடித்தனம். தனக்குன்னு தனி நினைவகம், தனி மின்விசிறி, தனிச் செலவு. படம் வரையற வேலையை யார் தயவும் இல்லாம தானே பாத்துக்கும். இன்னொரு வகை, பிராசசருக்குள்ளேயே சேர்ந்து இருக்கறது. அது கூட்டுக்குடும்பம். அதுக்குன்னு தனி நினைவகம் கிடையாது. கணினியோட ராம் இருக்கே, அதுலேருந்துதான் ஒரு பங்கை எடுத்துக்கும். ஒரே சமையலறை, ஒரே பானை. முன்னே இந்தக் கூட்டுக்குடும்பத்தால பெரிய வேலை நடக்காது. இப்போ அப்படி இல்லை. பாடம் கேக்கறது, படம் பாக்கறது, எக்செல் கணக்கு, சாதாரண வரைபடம், எல்லாத்தையும் திணறாம செய்யுது.

ஆனா கூட்டுக்குடும்பம்னா சமையலறை பெரிசா இருக்கணும், இல்லையா? இதைத் தாய்மார்கள் கவனமாக் கேட்டுக்குங்க. சின்ன லேப்டாப் வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா, ராம் 16 ஜிபிக்குக் குறையாம வாங்குங்க. சின்னதுல பல மாடல்ல ராமைப் பலகையோட சேர்த்தே பற்றவச்சுடறாங்க. அப்புறமா வாங்கிச் சேர்த்துக்கலாம்னா முடியாது. கடைக்காரர்கிட்ட, "இது பற்றவச்சதா? இல்லை, மாட்டற மாதிரியா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. சின்னதுக்குப் பேச வந்தவ சின்னதோட குறையை மறைக்கக் கூடாது பாருங்க. பெரியதுல பெரும்பாலும் இந்தத் தொல்லை குறைவு. எதிரணிக்கு ஒரு மார்க் போட்டுக்குங்க ஐயா.

நடுவர்: நீங்களே போட்டுட்டீங்க, நான் வேற எதுக்கு?

(சிரிப்பு) நாளைக்கு மொத்தமாக் கூட்டும்போது பாத்துக்கலாம் ஐயா.

இன்னொரு விஷயம். எதிரணியார் கிராபிக்ஸ் கார்டோட பேரைச் சொல்லி மிரட்டினாங்க. பேரை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. ஆர்.டி.எக்ஸ். 4050னு ஒண்ணு. என்விடியா கம்பெனியே அந்த மடிக்கணினிச் சில்லுக்கு 35 வாட்டிலேருந்து 115 வாட் வரைக்கும்னு அளவு சொல்லியிருக்கு. அதாவது, ஒரே அடுப்பு. ஒரு கம்பெனிக்காரர் சிம்ல எரிய விடுவார், இன்னொருத்தர் முழுசாத் திறந்து விடுவார். ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் ரெண்டுலயும் ஒண்ணுதான். பேரைப் பாத்துப் பொண்ணு கொடுக்கற கதைதான்!

நான் கணக்கு டீச்சர். ஒரு சின்னக் கணக்கு போடறேன். பேட்டரியில இருக்கறது அறுபது வாட்-மணின்னு வச்சுக்குங்க. கிராபிக்ஸ், பிராசசர், திரை எல்லாம் சேர்ந்து மணிக்கு நூத்திருபது குடிச்சா எவ்வளவு நேரம் வரும்? அரை மணி நேரம்! அதனாலதான் சார்ஜரைப் பிடுங்கின உடனே அந்தப் பெரிய யானை பூனையா மாறிடுது. தானே வேகத்தைக் குறைச்சுக்குது. அப்போ அந்த வேகம் எங்கே இருக்கு? லேப்டாப்ல இல்லை ஐயா, சுவத்து பிளக்குல இருக்கு! (கைதட்டல்)

சத்தத்தைச் சொல்லாம விட்டுட்டேனே. சூடானா உள்ளே மின்விசிறி ஓடுது. ஒரு ராத்திரி என் மாமியார் எழுந்து வந்து, "ஏம்மா, பன்னெண்டு மணிக்கு என்னத்த சட்னி அரைக்கிற?"ன்னு கேட்டாங்க. (பலத்த சிரிப்பு) நாப்பது வருஷமா மாமியாரும் மருமகளும் எதுக்கெல்லாமோ சண்டை போட்டிருக்காங்க, அரைக்காத சட்னிக்குப் பேச்சு வாங்கினவ நான் ஒருத்திதான்!

சரி, திரைக்கு வருவோம். எதிரணித் தலைவர், "சின்னத் திரையில பிள்ளைங்க கண்ணு கெட்டுப் போகும்"னு உருக்கமாச் சொன்னார். பாதிப் பேர் கண்ணைத் துடைச்சாங்க. நான் அதை எப்படிப் பாத்தேன்னு சொல்றேன்.

2025ல என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிச்சு பி.காம். சேர்ந்தா. இந்தத் தடவை கடைக்குப் போகும்போது நான் பையில ஒரு பொருளைப் போட்டுக்கிட்டுப் போனேன். டெய்லர் டேப்! (சிரிப்பு) ரெண்டு லேப்டாப் முன்னால இருக்கு. ஒண்ணு 15.6 அங்குலம், இன்னொண்ணு 14 அங்குலம். கடைக்காரர், "ஒண்ணரை அங்குலத்துக்கு மேல வித்தியாசம்மா!"ன்னார். நான் டேப்பை எடுத்தேன். கடையில இருந்தவங்க எல்லாம் லேப்டாப்புக்கு ஜாக்கெட் தைக்கப் போறேன்னு நெனைச்சுட்டாங்க. (பலத்த சிரிப்பு)

திரையோட அங்குலம்னு சொல்றாங்களே, அது நீளமும் இல்லை, அகலமும் இல்லை. மூலைக்கு மூலை குறுக்கே அளக்கற அளவு. மூலைவிட்டம்! முப்பது வருஷமா மூலைவிட்டத்தைச் சொல்லிக் கொடுக்கறவகிட்டயே மூலைவிட்டத்தைக் காட்டினா நான் விடுவேனா? அந்தப் பெரிய லேப்டாப்போட திரை, பதினாறுக்கு ஒன்பதுங்கற விகிதம். படுக்கையா நீண்டு கிடக்கும். சின்னதோட திரை பதினாறுக்குப் பத்து. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். அளந்து பாத்தேன். பெரியதோட உயரம் பத்தொன்பதரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. சின்னதோட உயரம் பத்தொன்பதுக்குக் கொஞ்சம் கம்மி. உயரத்துல வித்தியாசம் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர்தான்! அகலத்துலதான் நாலு சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம்.

இப்போ சொல்லுங்க. நாம எழுத்தை எப்படிப் படிக்கிறோம்? மேலேருந்து கீழே. கணக்குப் பேரேடு எப்படிப் போகும்? மேலேருந்து கீழே. இன்னொண்ணு தெரியுமா? பெரியதுல புள்ளி வரிசை 1080. சின்னதுல 1200. எழுத்து கொஞ்சம் பொடிசாத் தெரியும், ஒத்துக்கறேன். ஆனா எக்செல் திறந்தா, பெரியதுல தெரியறதைவிட சின்னதுல அஞ்சாறு வரிசை கூடத் தெரியுது. எழுத்து பொடிசா இருக்குன்னா, கணினியிலயே பெரிசு பண்ணிக்கலாம். அப்படிப் பண்ணினா அந்த அஞ்சாறு வரிசை போயிடும். போகட்டுமே! பெரியதுக்குச் சமமா வந்துடும், அதுக்குக் கீழே ஒண்ணும் பெரிசாப் போயிடாது. ஆனா படம் பாக்கறதுக்கு அந்த அகலம் நல்லா இருக்கும். படம் பாக்கவா படிக்க அனுப்பறோம்?

கண்ணைக் கெடுக்கறது திரையோட அளவு மட்டுமில்லை ஐயா, திரையோட தரமும்தான். என் பையனோட லேப்டாப்புல கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு கொட்டினவங்க, திரையில மிச்சம் பிடிச்சுட்டாங்க. வெளிச்சம் 250 நிட்ஸ். பகல்ல ஜன்னல் ஓரம் உட்கார்ந்தா வெளிறிப் போயிடும். நிறம் அதைவிட மோசம். என் தங்கச்சி அந்த லேப்டாப்புல பாத்து ஒரு பட்டுப் புடவைக்குப் பணம் கட்டினா. திரையில காப்பிப்பொடி கலர். வீட்டுக்கு வந்தது நல்ல அரக்குச் சிவப்பு. புடவைக்காரன் ஏமாத்திட்டான்னு ஒரு வாரம் சண்டை. கடைசியில பாத்தா புடவை யோக்கியம், லேப்டாப்தான் பொய் சொல்லியிருக்கு! (பலத்த கைதட்டல்)

சின்னதை வாங்கினதுக்கு அப்புறமும் பெரிய திரை வேணும்னு ஆசை வந்தா என்ன பண்றது? வீட்டுல டி.வி. இருக்கு. ஒரு எச்.டி.எம்.ஐ. ஒயர் போட்டு மாட்டினா, அதுதான் பெரிய திரை. காசு சேர்ந்ததும் ஒரு மானிட்டர் வாங்கி மேசை மேல வச்சுக்கலாம். சின்னதை வேணுங்கும்போது பெரிசாக்கிக்கலாம். பெரியதை வேணுங்கும்போது சின்னதாக்க முடியுமா? எதிரணியார் யாராவது ஆக்கிக் காட்டட்டும், நான் இப்பவே அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துக்கறேன்!

இன்னும் ஒண்ணு ஞாபகம் வருது. 1981ல அமெரிக்காவுல ஆஸ்போர்ன் 1னு ஒரு கணினி வந்தது. கையில தூக்கிட்டுப் போகலாம்னு சொல்லித்தான் வித்தாங்க. எடை எவ்வளவு தெரியுமா? பதினோரு கிலோ! திரை? அஞ்சே அங்குலம். பெட்டி சைஸுக்கு உடம்பு, தபால் கவர் சைஸுக்கு முகம். 2008 ஜனவரியில ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில ஒரு காகித உறையைத் திறந்து அதுக்குள்ளேயிருந்து ஒரு மடிக்கணினியை எடுத்துக் காட்டினார். சபையே ஆரவாரம் பண்ணுச்சு. இருபத்தேழு வருஷமா எத்தனையோ பேர் மண்டையை உடைச்சுக்கிட்டு கிராம் கிராமாக் குறைச்சுக்கிட்டு வந்தாங்க. இவங்க என்னடான்னா, மறுபடியும் பிள்ளை தோள்ல ஏத்தி வைக்கலாம்ங்கறாங்க!

நடுவர்: இன்னும் ரெண்டு நிமிஷம்தாம்மா.

முடிச்சுடறேன் ஐயா. இவ்வளவு நேரம் அங்குலமும் வாட்டும் பேசினேன். ஆனா நான் சின்னதுக்குப் பேச வந்த காரணம் அதெல்லாம் இல்லை.

பெரிய லேப்டாப்புக்கு ஒரு மேசை வேணும். அந்த மேசைக்குப் பக்கத்துல ஒரு பிளக் பாயிண்ட் வேணும். அந்த மேசையைப் போட ஒரு இடம் வேணும். எங்க வீடு ரெண்டு ரூம். இருக்கறது ஒரு மேசை. அந்த மேசை யாருக்கு? பையனுக்கு. யாரும் உட்கார்ந்து பேசித் தீர்மானம் போடலை. எங்க வீட்டுல பொண்ணு படிக்கக் கூடாதுன்னு ஒருத்தரும் சொன்னதில்லை. அவ ஒன்பதாம் வகுப்பு படிச்சப்போ, 2022 ஜனவரியில கொரோனாவால பள்ளிக்கூடத்தை மறுபடி மூடினாங்க. பையனுக்கும் அப்போ வீட்டுல இருந்துதான் பாடம். மேசையில அவன், அவன் முன்னால லேப்டாப். இவ சமையலறை மேடையில, உப்பு டப்பா மேல என் செல்போனைச் சாத்தி வச்சுக்கிட்டு, நின்னுக்கிட்டே பாடம் கேட்டா. நான் பக்கத்துல நின்னு தாளிச்சுக்கிட்டிருந்தேன். நான் ஒரு டீச்சர் ஐயா. அன்னிக்கு எனக்கு அது தப்பாவே படலை. (அரங்கில் அமைதி)

2025ல கடைக்குக் கிளம்பும்போது எங்க வீட்டுக்காரர், "பெரியதாவே வாங்கிடுவோம். அண்ணன்காரனுக்கு வேலை கிடைச்சுப் போறான். இனிமே மேசை அவளுக்குத்தானே"ன்னார். நல்ல மனசோடதான் சொன்னார். அதுக்கு என் மகள் சொன்னா: "அப்பா, எனக்கு மேசை வேண்டாம். நான் எங்க உட்கார்றேனோ அங்க வச்சுக்கற மாதிரி வாங்கிக் கொடுங்க."

அந்த வார்த்தைதான் ஐயா. பதினேழு வருஷம் அந்த வீட்டுல இருந்த பிள்ளை, தனக்குன்னு ஒரு இடத்தை யாரும் ஒதுக்கித் தருவாங்கன்னு காத்திருக்கலை. தான் போற இடத்தைத் தன் இடமா ஆக்கிக்கற மாதிரி ஒண்ணைக் கேட்டா. வாங்கினோம். ஒரு கிலோ நானூறு. சார்ஜர் உள்ளங்கை அளவு. அவ செல்போனுக்கும் அதுவேதான்.

2025 நவம்பர்ல என் மாமியாருக்கு மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அந்தச் சட்னி கேட்ட மாமியார்தான். ஒன்பது ராத்திரி. எனக்குப் பள்ளிக்கூடம், அவருக்கு வேலை. ராத்திரி கூட இருந்தது என் மகள். அதே வாரந்தான் அவளுக்கு முதல் செமஸ்டர் பரிட்சை. கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல். பிளக்குல எல்லாம் நோயாளிங்க கருவி மாட்டியிருக்கு. சாயங்காலம் வீட்டுல சார்ஜ் போட்டு எடுத்துக்கிட்டுப் போவா. வெளிச்சத்தைக் குறைச்சு வச்சுக்கிட்டு, மடியில அந்தச் சின்ன லேப்டாப்பை வச்சு, சத்தமில்லாம ஐந்தொகைக் கணக்குப் போட்டுப் பாத்துக்கிட்டிருப்பா. மின்விசிறி ஓடலை, ஒருத்தர் தூக்கமும் கெடலை. விடிஞ்சதும் அங்கேருந்தே பஸ் ஏறிப் போய்ப் பரிட்சை எழுதினா.

அஞ்சாம் நாள் ராத்திரி கிழவிக்கு நினைவு நல்லாத் தெளிஞ்சுடுச்சு. கண்ணைத் தொறந்து பாத்தாங்களாம். இருட்டுல பேத்தி முகத்துல மட்டும் வெளிச்சம்.

"என்னடி மடியில?"

"என் காலேஜு அப்பத்தா."

"இம்புட்டுத்தானா?"ன்னாங்களாம். அப்புறம் கொஞ்ச நேரம் பேத்தியவே பாத்துட்டு, "சரி, கீழ போட்டுறாத"ன்னுட்டு மறுபடி தூங்கிட்டாங்களாம்.

(நீண்ட கைதட்டல்)

என் மாமியார் இப்போ வீட்டுல சௌக்கியமா இருக்காங்க. இந்த நிகழ்ச்சியைப் பாத்துக்கிட்டிருப்பாங்க. பையனோட பெரிய லேப்டாப் இன்னும் அந்த மேசை மேலதான் இருக்கு. எங்க வீட்டுக்காரர் அதுல பழைய சினிமாப் பாட்டுப் பாக்கறார். கறுப்பு வெள்ளைப் பாட்டுக்கு அவ்வளவு கிராபிக்ஸ்! (சிரிப்பு)

மணி அடிச்சுட்டீங்க ஐயா, நான் உட்கார்ந்துக்கறேன்.